லோக்கல் சேனலுக்கு விக்கிப்பீடியாவில் பக்கம்: கேட்டவையும் சொன்னவையும்

தமிழ் விக்கிப்பீடியாவில் தொலைக்காட்சி பற்றிய பக்கங்களைத் துப்புரவு செய்கிறவன் நான். வடசென்னை கேபிள் சேனல்கள் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

தண்டையார்பேட்டை: எங்க ஏரியா சேனல் ரொம்ப வருஷமா ஓடுது. பக்கம் போட்டா நிக்குமா?

எத்தனை வருஷம் ஓடினாலும் அது மட்டும் போதாது. சேனலோடு சம்பந்தமே இல்லாத யாராவது அதைப் பற்றி நாலு பத்தி எழுதி அச்சாகியிருக்கிறதா? கேள்வி அதுதான். 'படம் உதவி: இன்ன சேனல்' என்று செய்திக்குக் கீழே பெயர் வந்தது கணக்கில் சேராது.

அதற்கும் முன்னால், அது சாட்டிலைட் சேனலா, கேபிளில் மட்டும் வருவதா என்று பாருங்கள். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். சாட்டிலைட் சேனல் என்றால் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதிப் பட்டியலில் பெயர் இருக்கும். கேபிள் நிறுவனமே தன் இணைப்புகளுக்கு மட்டும் ஓட்டும் சேனல் அந்தப் பட்டியலில் வராது. அதற்கு 2022 நவம்பரில் தனி வழிகாட்டுதல் வந்தது: மொத்தச் சேனல் கொள்ளளவில் இப்படிப்பட்டவை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எந்த வகை என்பது பக்கத்தின் முதல் வரியிலேயே தெரிய வேண்டும்.

போன மாதம் ஒரு வரைவு வந்தது. தொடக்கம் இப்படி: 'வடசென்னை மக்களின் இதயத்துடிப்பாகவும் உழைக்கும் வர்க்கத்தின் குரலாகவும் வீறுநடை போடும்...' அதில் நான் விட்டுவைத்தது: 'திருவொற்றியூர் வட்டாரத்தில் கேபிள் வழியாக ஒளிபரப்பாகும் உள்ளூர்த் தொலைக்காட்சி.' எழுதியவருக்குக் கோபம். வீறுநடைக்கு ஆதாரம் கேட்டேன், அதற்கப்புறம் ஆளைக் காணோம்.

கல்மண்டபம்: சேனல் நம்பர் போடலாமா?

வேண்டாம். ஒவ்வொரு கேபிள் நிறுவனத்திலும் ஒவ்வொரு எண்; நாளைக்கே மாற்றுவார்கள். மாறியதும் வந்து திருத்த ஆள் இருக்காது.

மின்ட்: நிகழ்ச்சிப் பட்டியல், தொகுப்பாளர் பெயர்கள்?

நிகழ்ச்சி நேரத்தைச் சேனல் தன் பக்கத்தில் போட்டுக்கொள்ளட்டும். வெளியில் யாராவது எழுதிப் பேசப்பட்ட நிகழ்ச்சி இருந்தால் அதை மட்டும் சொல்லுங்கள். தொகுப்பாளர்கள் நம் தெருப் பிள்ளைகள். கேட்காமல் அவர்கள் பெயரையும் ஊரையும் கலைக்களஞ்சியத்தில் ஏற்றுவது நல்லதல்ல.

கொருக்குப்பேட்டை: வடசென்னைன்னா பேப்பர்ல ரவுடி, கஞ்சா, வெட்டுக்குத்துதான். எங்க கேரம், ஃபுட்பால், பாக்ஸிங், மாசித் திருவிழா எல்லாத்தையும் காட்டுனது லோக்கல் சேனல்தான். பேப்பர்காரன் எழுதலைன்னா நாங்க இல்லைன்னு ஆயிடுமா அண்ணே?

நியாயமான கேள்வி தம்பி. 2024 நவம்பரில் காசிமேட்டுப் பெண் காசிமா அமெரிக்காவில் உலகக் கோப்பை கேரமில் மூன்று தங்கம் வென்ற பிறகுதான் எல்லா மைக்கும் அந்தத் தெருவுக்குள் நுழைந்தது. அதற்கு முன்பு அங்கே கேரம் போர்டே இல்லையா என்ன?

எழுத்தில் இல்லாததை எப்படி ஏற்பது என்பது பழைய சண்டை. 2011இல் விக்கிப்பீடியாவோடு இணைந்து இயங்கிய அச்சல் பிரபாலா இந்தி, மலையாளம், தென்னாப்பிரிக்காவின் செப்பேடி ஆகிய மொழிகளில் ஆட்களைப் பேசவைத்துப் பதிவு செய்து, அந்த ஒலிப்பதிவுகளையே விக்கிப்பீடியாக் கட்டுரைகளுக்கு ஆதாரமாகக் காட்டிப் பார்த்தார். நல்ல முயற்சி, ஆனாலும் பொது விதி மாறவில்லை. நானும் மாற்றச் சொல்ல மாட்டேன். ராயபுரத்தில் இரண்டு கேபிள்காரர்களைக் கேளுங்கள், இருவருமே 'ஏரியாவுல மொத டிஷ் நான்தான் போட்டேன்' என்பார்கள். யாரை நம்பி எழுதுவது?

வியாசர்பாடி: அப்போ ஒளிபரப்பின வீடியோவே ஆதாரம் இல்லையா? கண்ணால பாத்தோமே.

பார்த்தீர்கள். நான் எங்கே போய்ப் பார்ப்பது? உள்ளூர் சேனல் தன் நிகழ்ச்சிப் பதிவை 90 நாள் வைத்திருந்தால் போதும் என்கிறது முன்பு சொன்ன 2022 வழிகாட்டுதல். அந்தக் கால வீடியோ கேசட் எல்லாம் பூஞ்சை பிடித்துப் போயிருக்கும். மிச்சமிருந்தாலும், விழா நடந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. சேனல் முக்கியமானது என்று சேனலே சொல்ல முடியாது.

கொருக்குப்பேட்டை: விதி தி.நகருக்கும் எங்களுக்கும் ஒண்ணுதான், பேப்பர்காரன் வர்ற தெருதான் வேற. அதைச் சொல்லுங்க.

சொல்கிறேன், அது உண்மைதான். அதனால்தான் தனிப் பக்கத்துக்காக மல்லுக்கட்டாதீர்கள் என்கிறேன். 'சென்னையில் கேபிள் தொலைக்காட்சி' என்று ஒரே பக்கம் எழுதுங்கள். 1995 கேபிள் சட்டம் இருக்கிறது. 2003 செப்டம்பர் 1 அன்று கட்டணச் சேனலுக்கு பாக்ஸ் கட்டாயம் என்ற முறை முதலில் இறங்கியது சென்னையில்தான். 2012இல் பெருநகரங்கள் டிஜிட்டலுக்கு மாற வேண்டியிருந்தபோது இங்கே விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அச்சில் எக்கச்சக்கமாக இருக்கிறது. அந்தக் கதைக்குள் கொருக்குப்பேட்டை சேனலுக்கு ஆதாரத்தோடு இரண்டு வரி வைத்தால் யாரும் நீக்க மாட்டார்கள். பிறந்தநாள் வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் காசு வாங்கிக்கொண்டு திரைக்கு அடியில் ஓடியதே, ஓர் ஏரியாவின் சமூக வரலாறு அது. பத்திரிகைக் கட்டுரையோ ஆய்வேடோ அதைத் தொட்டிருந்தால் கொண்டு வாருங்கள், நானே சேர்க்கிறேன்.

இணையத்தில் தேடிவிட்டு இல்லை என்று திரும்பாதீர்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்கள் இருக்கின்றன. நாளும் பக்கமும் குறித்தால் போதும், சுட்டி தேவையில்லை.

எண்ணூர்: சேனல் நம்பர் எங்கே போடணும்?

கல்மண்டபத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

புதுவண்ணாரப்பேட்டை: நான் சேனலில்தான் வேலை பார்க்கிறேன். நானே எழுதலாமா?

பயனர் பக்கத்தில் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். சேனல் பக்கத்தில் கை வைக்காமல், அதைப் பற்றி விவாதிக்க இருக்கும் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். சொல்லாமல் எழுதி மாட்டினால் சேனலுக்குத்தான் அசிங்கம்.

திருவொற்றியூர்: புதுப்படம் போட்டதா எங்க கேபிள்காரர் மேல கேஸ் ஆச்சு. சேர்க்கலாமா?

வழக்கு வேறு, தீர்ப்பு வேறு. சேர்க்காதீர்கள்.

மணலி: ரெண்டு நாளா பாக்ஸ்ல சிக்னல் இல்ல சார்.

கேபிள்காரரைக் கூப்பிடுங்கள்.

பெரம்பூர்: லோகோ படம் ஏற்றலாமா? கூடவே, சேனல் எண்ணை தகவல்பெட்டியில்...

லோகோவுக்குப் பதிப்புரிமை உண்டு, விக்கிமீடியாவின் பொதுப் படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்றாதீர்கள். அலுவலக வாசலை நீங்களே படம் எடுத்தால் அதை ஏற்றலாம். எண்ணைப் பற்றி இனி யார் கேட்டாலும் பதில் கிடையாது.