ஒரு வயது ஊர் நாய்க்கு மோப்பத் தடம், கீழ்ப்படிதல், தடைதாண்டல் மூன்றையும் வீட்டிலேயே பழக்க முடியுமா?

முடியும். உங்கள் கேள்வியின் இரண்டாவது வரியில் "இதற்கு ஜேர்மன் ஷெப்பேர்ட் வாங்கத்தான் வேண்டுமா?" என்று கேட்டிராவிட்டால் நான் பேசாமல் கடந்து போயிருப்பேன். அந்த வரி பழைய காயம் ஒன்றைக் கிளறிவிட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், பணம் வாங்கி நாய் பழக்கும் ஓர் இடத்துக்குத் தொலைபேசி எடுத்து, மோப்பத் தடம் பழக்க வேண்டும் என்று சொன்னபோது, நாயின் வயதையோ குணத்தையோ கேட்காமல் இனத்தைத்தான் முதலில் கேட்டார்கள். ஊர் நாய் என்றதும், "அதுக்கு நேரத்துக்குச் சோறு வைச்சால் காணும் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். வன்னிக் காட்டுக்குள் பன்றியின் தடத்தைத் தலைமுறை தலைமுறையாக எடுத்துக் கொடுத்தவை எந்த இனம் என்று அப்போதே திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

நீங்களும் வன்னிப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள் என்றும், உங்கள் நாய் வளவில் அவிழ்த்துவிட்டு வளர்ந்தது என்றும் எடுத்துக்கொள்கிறேன். நான் பயிற்சியாளன் அல்லன். கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவன். கறுவல் என்ற ஒரேயொரு நாயைப் பழக்கியிருக்கிறேன். ஒரு நாயை வைத்துக்கொண்டு உபதேசம் செய்கிறான் என்று யாரேனும் நினைத்தால், அந்த ஒரு நாயை நானே கெடுத்துப் பிறகு நானே திருத்த வேண்டி வந்தது என்பதையும் சேர்த்து நினைக்கட்டும். அந்தக் கதைக்காகவே இதை எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட மோப்பமும் கீழ்ப்படிதலும் சேர்ந்த ஒரு நாய்ப் போட்டி உண்டு. இன்று ஐஜிபி என்றும் 2019 வரை ஐபிஓ என்றும் அழைக்கப்படும் அது, ஜேர்மனியில் ஷெப்பேர்ட் நாய்களின் வேலைத்திறனைச் சோதிப்பதற்காகத் தோன்றியது. மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்ற மூன்று பகுதிகளுக்கும் தலா 100 புள்ளிகள். மோப்பத்தின் முதல் நிலையில், நாயை நடத்துபவரே வயலில் 300 காலடி வைத்து நடந்து தடம் இட்டு, 20 நிமிடம் கழித்து நாயை விடுகிறார். மூன்றாம் நிலையில் வேறொருவர் இட்ட, ஒரு மணி நேரம் பழைய, 600 காலடித் தடம். நாய் 10 மீற்றர்க் கயிற்றின் முனையில் முன்னே போகும். வழியில் போட்டிருக்கும் சிறு பொருள்களைக் கண்டால் அவற்றைக் காட்ட வேண்டும். பாதுகாப்புப் பகுதியில் நாய் ஆளின் கைக்கவசத்தைக் கடிக்கப் பழகுவதால், பிள்ளைகள் ஒழுங்கை வழியாகப் பள்ளிக்கூடம் போகிற ஊரில் அதை நீங்களாகத் தொட வேண்டாம். நீங்களும் அதைக் கேட்கவில்லை.

நான் செய்த முதல் பிழை வரிசைப் பிழை. முதல் ஐந்து மாதமும் கீழ்ப்படிதலை மட்டுமே பழக்கினேன். என் இடது முழங்காலோடு ஒட்டி நடந்து, முகத்தைப் பார்த்தால் அவித்த ஈரல் துண்டு கிடைக்கும் என்பதைக் கறுவல் நன்றாகவே படித்துக்கொண்டான். அதன்பின், காலபோக அறுவடை முடிந்த வயலில் தடம் தொடங்கினேன். ஒவ்வோர் அடிக்குள்ளும் ஈரல் துண்டு வைத்து நடக்க வேண்டும் என்று காணொளிகளில் பார்த்திருந்தேன். ஆனால் அவர்களுடைய புல்வெளியில் எங்கள் வயலின் எறும்புகள் இல்லை. 20 நிமிடம் கழித்துப் போனால் அடிச்சுவட்டில் ஈரலுக்குப் பதிலாக எறும்புக் கூட்டமே இருந்தது. மூக்கை வைத்த கறுவல் துள்ளி விலகினான். பிறகு ஐந்து நிமிடத்துக்கு மேல் தடத்தைப் பழையதாக விடாமல், விடியற்காலைப் பனி காயும் முன் முடித்துக்கொண்டோம். மிதிபட்ட புல்லும் கிளறுண்ட மண்ணும் மனித உடலிலிருந்து உதிர்பவையும் சேர்ந்துதான் தடத்தின் மணம் என்பதால், ஈரம் இருக்கும் வரையில் நாய்க்கு வேலை இலகு.

தடம் தொடங்கிய இரண்டாம் மாதத்தில் முரசுமோட்டைப் பக்கத்து வயல் ஒன்றில், இரண்டு திருப்பங்களோடு 150 காலடித் தடம் இட்டேன். முதல் திருப்பத்துக்கு அடையாளமாக, எதிரே மேய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளை மாட்டை மனத்தில் குறித்துக்கொண்டேன். நாயை அவிழ்த்து வருவதற்குள் மாடு நகர்ந்துவிடும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. கறுவல் பாதி வழியில் இடப்பக்கம் திரும்பினான். மாடு இன்னும் தூரத்தில் நின்றதால் "இல்லை" என்று சொல்லிக் கயிற்றை இழுத்தேன். மறுபடி திரும்பினான், மறுபடி இழுத்தேன். மூன்றாம் முறை அவன் தடத்தை விட்டு வந்து, என் இடது முழங்காலோடு ஒட்டி இருந்து, முகத்தைப் பார்த்தான். நான் பழக்கியதை அப்படியே செய்தான்.

வரம்பில் குந்தியிருந்த அக்காவின் மகன் சொன்னான்: "மாமா, அவன் சரியாத்தான் போனவன். நீங்கள்தான் இழுத்துப் போட்டியள்." இடப்பக்கம் நடந்து பார்த்தேன், தடம் இடும்போது நான் போட்டுவைத்த பழைய செருப்பு வார்த் துண்டு அங்கேதான் கிடந்தது.

அதற்குப் பிறகு நான்கு மாதங்கள் கறுவல் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் செருமினாலே தலையைத் தூக்கினான். மூக்கு தரையில் இருக்க வேண்டிய வேலையில் கண் என் முகத்தில் இருந்தது. திருத்துவதற்கு நான் செய்தது இவ்வளவுதான்: கழுத்துப்பட்டியை விட்டு, தடத்துக்கு மட்டும் தனியாக ஒரு நெஞ்சுப்பட்டி போட்டேன், தடத்தை மருமகன் இட்டான், திருப்பங்களில் அவன் குத்திய ஈர்க்குகள் எங்கே என்று எனக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். எனக்கே வழி தெரியாததால் கறுவலுக்குக் காட்டிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவன் நின்றால் நானும் நின்று, தரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் காலை பத்து நிமிடத்துக்கு மேல் அப்படியே நின்றோம். மருமகன் வரம்பில் படுத்தே விட்டான். கறுவல் ஒரு தும்மல் தும்மி, தலையைக் கவிழ்த்து, வலப்பக்கம் போனான். கயிறு என் கைக்குள்ளால் ஓடியது.

மோப்பமும் கீழ்ப்படிதலும் ஒரே காலத்தில் பழக்கி வென்றவர்கள் பலர் இருக்கிறார்கள் என்று யாரேனும் சொல்வார்கள். இருக்கிறார்கள், அவர்களுடைய கை என் கையை விடப் பதமானது. முதல் நாய் வைத்திருப்பவர் மோப்பத்தை முதலில் தொடங்குவதுதான் பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

கீழ்ப்படிதல் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எங்கும் கிடைக்கும். கட்டளைச் சொல்லை மட்டும் யோசித்துத் தெரிவு செய்யுங்கள். தமிழ் நாய்க்குத் தமிழ்தான் என்ற பெருமையில், அமர்வதற்கு "இரு" என்று பழக்கினேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா "இருங்கோ, இருங்கோ" என்று சொல்லும்போதெல்லாம், விருந்தாளிக்கு முன்னால் கறுவல் இருந்துவிடுவான். ஈரல் கொடுக்காவிட்டால் அவர்களுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். கடைசியில் ஆங்கிலத்தில் "சிற்" என்று மாற்றினோம்.

அஜிலிட்டி எனப்படும் தடைதாண்டல் 1978 இல் இலண்டன் கிரவ்ற்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைத் தாண்டலைப் பார்த்து, இடைவேளைப் பொழுதுபோக்காகத் தொடங்கியது. பிரித்தானியாவில் கலப்பின நாய்களும் அதில் ஓடுகின்றன என்பதை அந்தத் தொலைபேசிக்காரருக்கும் சேர்த்து எழுதுகிறேன். தடைக்குப் பனைமட்டையைக் கல்லின் மேல் கிடத்தினால் போதும். கால் பட்டால் விழ வேண்டும், கட்டி வைக்கக் கூடாது. நெளிந்து ஓடும் கம்பங்களை 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடுங்கள். முதற் கம்பம் நாயின் இடப்பக்கம் வர வேண்டும். ஒரு வயதில் எலும்பு முழுதாக முற்றாமல் இருக்கக்கூடும் என்பதால், ஒன்றரை வயது வரை முழங்கை மட்டத்துக்குக் கீழேயே தாண்ட விடுங்கள், அதுவும் கிறவல் நிலத்தில் வேண்டாம்.

இடம் பற்றி ஒன்று. உழுது விதைத்து வருகிற வயலில் மட்டுமே தடம் இடுங்கள். மிதிவெடி அகற்றி முடிக்காத நிலம் இன்னும் இருக்கிறது. பற்றைக்குள், மிருகம் தட்டினால் வெடிக்கும் கட்டுத்துவக்கும் இருக்கக்கூடும். நாய் மூக்கால் பார்க்கும், எச்சரிக்கைப் பலகையை வாசிக்காது. அறுவடை வயலில் புடையன் பாம்பு கிடக்கும் என்பதால் தடம் இடுபவர் சப்பாத்துப் போட வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும்.

மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் இருபது காலடித் தடத்தோடு தொடங்கலாம். அதுவரைக்கும் ஒரு நெஞ்சுப்பட்டி தைப்பித்து, அதைப் போட்டபடியே சோறு தின்னப் பழக்குங்கள். கறுவல் முதல் நாள் அதைப் போட்டதும், யாரோ கட்டிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, ஒரு மணி நேரம் முற்றத்தில் அசையாமல் நின்றான்.