அதே ரிம்மில் அகல டயர்: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

டயர் மாட்டிக் கழற்றும் வேலையில் இருபது வருஷம் ஓடிவிட்டது. ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் அகலமாக்கலாமா என்று கேட்காத ஆள் இல்லை.

பெரம்பூர் தம்பி: அண்ணே, என் ஸ்விஃப்டில் 165/80 ஆர்14 டயர். ரிம்மில் 5ஜே என்று போட்டிருக்கிறது. 185 ஏறுமா?

ஏறும் தம்பி. எந்த 185 என்பதுதான் கேள்வி. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 14 ரிம்மின் விட்டம், 5ஜே-யில் 5 ரிம்மின் அகலம், இரண்டும் அங்குலத்தில். அந்த 80 என்பது மில்லிமீட்டர் இல்லை. டயர் அகலத்தில் 80 சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்று அர்த்தம். இப்போது உங்கள் டயரின் மொத்த உயரம் சுமார் 620 மி.மீ. 185/70 போட்டால் 615, பெரிய வித்தியாசமில்லை. 185/65 என்றால் 596. வண்டி 12 மி.மீ. தாழ்ந்துவிடும், நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கரில் அடிவயிறு உரசும். மொத்த உயரத்தில் வரும் வித்தியாசம் மூன்று சதவீதத்துக்குள் இருக்கட்டும். 185/70-க்கு 4.5 முதல் 6 அங்குல ரிம் வரை ஆகும், உங்கள் 5 அதற்குள் வருகிறது.

வேளச்சேரியிலிருந்து ஒருவர்: 15 அங்குலம், 5ஜே ரிம். 205/60 தாராளமாகப் போடலாம் என்கிறாரே கடைக்காரர்?

டயர் ஏறும், காற்றும் நிற்கும். அதைப் பார்த்துத்தான் அவர் தைரியமாகச் சொல்கிறார். ஆனால் அந்த அளவுக்குக் குறைந்தது 5.5 அங்குல ரிம் வேண்டும். ரிம் ஒடுங்கலாக இருந்தால் டயரின் விளிம்பு உள்ளே இழுபட்டு, பக்கச்சுவர் பிதுங்கி, நடுப்பகுதி மேடாகிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும்.

சந்தேகமிருந்தால் டயரின் குறுக்கே சாக்பீஸால் பட்டையாகக் கோடு போட்டு, நேர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்து இரு ஓரமும் வெள்ளையாக நின்றால் முதலில் காற்றைச் சரிபாருங்கள். காற்று சரியாக இருந்தும் அப்படியே நின்றால், டயர் ரிம்முக்கு மீறியது.

நானே ஒரு தடவை ஆசைப்பட்டு என் பழைய வண்டிக்கு இரண்டு அளவு தாண்டிப் போட்டேன். கிண்டியில் யூ-டர்ன் அடிக்கும்போது முன்சக்கரத்தில் 'கர்ர்' என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக்கில் பிறை மாதிரி ஒரு தேய்மானம். மாட்டினதும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்த்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது.

மடிப்பாக்கம் அம்மா ஒருவர்: மழைக்கு அகல டயர்தான் நல்ல பிடிப்பு என்கிறார்களே, சார்?

இல்லைங்கம்மா, தேங்கின தண்ணீரில் நிலைமை தலைகீழ். டயர் அகலமாக இருந்தால் அது ஒதுக்க வேண்டிய தண்ணீரும் அதிகம். ஒதுக்க முடியாதபோது வண்டி தண்ணீர்மேல் மிதக்கும். ஐப்பசி மழைக்கு அகலத்தைவிட, டயரின் மேல் வெட்டியிருக்கும் பள்ளத்தின் ஆழம்தான் முக்கியம். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், நான் 3 வந்தாலே மாற்றச் சொல்வேன்.

மைலேஜ்?

குறையும். ஸ்டியரிங்கும் கொஞ்சம் கனக்கும்.

தாம்பரம்: முதலில் இரண்டு மட்டும் மாற்றலாமா, சார்?

நாலும் ஒரே அளவாக இருக்கட்டும். பணம் இடித்தால் பழைய அளவிலேயே இரண்டு வாங்கிப் பின்சக்கரத்தில் போடுங்கள். முன்னால்தானே போட வேண்டும் என்பார்கள். மழையில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலேட்டரை விட்டுச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும்.

அண்ணா நகர்: வாங்கும்போது வேறென்ன பார்க்கணும்?

அளவுக்குப் பக்கத்தில் 83 என்றிருந்தால் அந்த டயர் 487 கிலோ தாங்கும், 88 என்றால் 560. பழைய டயரில் இருப்பதைவிட அந்த எண் குறையக் கூடாது. அகலமான டயர் என்பதாலேயே எண் கூடிவிடாது. அப்புறம் தயாரித்த தேதி: 3224 என்றால் 2024-இன் 32-ஆவது வாரம். இந்த நாலு இலக்கம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கம் கடைச் சுவரை நோக்கி இருந்தால், டயரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.