அப்பாவுக்கு வாசிக்க வராத பத்திரிகை

கேள்வி: வயது 32, கோட்டையில் வேலை செய்கிறேன். அப்பா புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் 31 வருடம் உழைத்தவர். அவருடைய சேமலாப நிதிக் காசு 18 இலட்சத்தை, அவரிடம் கேட்டுத்தான், நிலையான வைப்பிலிருந்து எடுத்துப் பங்குகளில் போட்டேன். இன்று 11 இலட்சம்தான் இருக்கிறது. லண்டன் பைனான்ஷியல் டைம்ஸுக்குச் சந்தா கட்டி தினமும் வாசித்தும் இந்த நிலை. ஞாயிற்றுக்கிழமை அப்பா கேட்டால் போனில் அந்தப் பக்கத்தைக் காட்டி 'சந்தை ஏறுது' என்று சொல்லிவிடுவேன், அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆவணியில் தங்கச்சியின் கல்யாணம். இந்தப் பத்திரிகையை இனியும் நம்பலாமா, சந்தாவை நிறுத்தவா?
- வெள்ளவத்தை வாசகர்

பதில்: தம்பி, சந்தா கிடக்கட்டும். 'அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீரே, அதைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை. 7 இலட்சம் போனதற்கு மூன்று வரி எழுதிய நீர், இதற்கு அரை வரிதான் செலவழித்திருக்கிறீர். நட்டம் யாருக்கும் வரும். வாசிக்க வராத மனிதனின் முன்னால் வாசிக்க முடியாத பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததை இருப்பதாகச் சொல்வது நட்டமில்லை, அதற்கு வேறு பெயர் இருக்கிறது. இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதும் இல்லை. முன்பெல்லாம் பிள்ளைகள் நிதிக் கம்பனிக் கலண்டரைக் காட்டினார்கள், நீர் லண்டன் பத்திரிகையைக் காட்டுகிறீர், அவ்வளவுதான்.

சரி, எந்தப் பத்திரிகையைத் திரையாகப் பிடித்திருக்கிறீர் என்று பார்ப்போம். நம் கொழும்பு வணிகப் பத்திரிகை டெய்லி எஃப்டி இல்லை, லண்டன்காரன். 1888 இல் தொடங்கும்போதே 'நேர்மையான முதலீட்டாளனின் நண்பன்' என்று தன்னைச் சொல்லிக்கொண்டது, 'அச்சமின்றி, பட்சமின்றி' என்று தலையில் எழுதிக்கொண்டது. 1893 இல் போட்டிப் பத்திரிகையிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்டத்தான் அந்த ரோஸ் தாளுக்கு மாறியது. அதே போட்டிப் பத்திரிகையோடு 1945 இல் ஒன்றாகியது தனிக்கதை. ஆனால் அதன் ஆரம்ப காலத்தில் கூட இருந்த ஹொரேஷியோ பொட்டம்லி என்பவர், சின்னச் சின்ன மனிதர்களின் சேமிப்பைச் சுருட்டியதற்காக 1922 இல் ஏழு வருடத் தண்டனை வாங்கினார். அதனால் ரோஸ் தாளைக் கண்டவுடன் கும்பிடத் தேவையில்லை.

உமக்கு வேண்டிய கதை 1914 நவம்பர். முதலாம் உலகப் போருக்காக பிரிட்டிஷ் அரசாங்கம் மக்களிடம் 35 கோடிப் பவுண் கடன் கேட்டது. மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. இங்கிலாந்து வங்கி இரகசியமாகத் தன் காசைப் போட்டு ஓட்டையை அடைத்தது, தன் அதிகாரிகள் இருவரின் பெயரில் வாங்கி, கணக்கில் வேறு தலைப்பின் கீழ் ஒளித்தது. பைனான்ஷியல் டைம்ஸோ, கேட்டதற்கு மேலேயே வந்து குவிந்துவிட்டது, இன்னும் விண்ணப்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன என்று போட்டது. வாசித்த சனம் நம்பியது. வங்கியின் பழைய பேரேடுகளைப் புரட்டிய ஆய்வாளர்கள் 2017 இல் உண்மையை வெளியே கொண்டுவந்த பிறகுதான் பத்திரிகை திருத்தம் போட்டது. 103 வருடம் கழித்து! உம்முடைய ஞாயிற்றுக்கிழமை 'சந்தை ஏறுது' அதே வேலைதான். நீர் வங்கி, அப்பா வாசகர். ஒரேயொரு வித்தியாசம், உம்மிடம் 103 வருடம் இல்லை, ஆவணி வரைதான் இருக்கிறது.

நம்பலாமா என்று கேட்டீர். ஜெர்மனியின் வயர்கார்ட் கம்பனியின் கணக்கு சரியில்லை என்று அதே பத்திரிகை வருடக்கணக்காக எழுதியது. அந்த நாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பு கம்பனியை விட்டுவிட்டு, எழுதியவர்கள் மீதே முறைப்பாடு கொடுத்தது. 2020 ஜூனில் 190 கோடி யூரோவைக் காணவில்லை என்றாகி கம்பனி விழுந்தது. அந்தப் பெயருக்கு இருக்கும் மதிப்புக்குத்தான் 2015 இல் ஜப்பானின் நிக்கேய் பத்திரிகை நிறுவனம் 84 கோடி 40 இலட்சம் பவுண் கொடுத்து வாங்கியது. அந்த மதிப்பைத்தான் நீர் மாதச் சந்தாவுக்கு வாடகைக்கு எடுத்து அப்பாவிடம் காட்டுகிறீர். கொழும்புப் பங்குச் சந்தையில் எந்தப் பங்கு வாங்கு என்று அது உமக்குச் சொல்லவே இல்லை. வாங்கினது நீர். பத்திரிகையின் தலையில் போடாதேயும்.

என் கொள்கை பழையது, சிரிப்பதானால் சிரியும். பெற்றவர்களின் காசு பிள்ளையின் கையில் இருக்கும்போது அது அடைவு வைத்த நகை மாதிரி. நிறுத்துப் பார்க்க உரிமை நகையின் சொந்தக்காரருக்கு உண்டு. 'அப்பாவுக்கு நெஞ்சு தாங்காது' என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். 31 வருடம் கடையில் இருப்புப் பார்த்த மனிதருக்கு 18 இல் 7 போனால் 11 என்று விளங்கும். கோபப்படுவார், படட்டும், அது அவர் காசு. மிச்சப் பங்கை விற்பதா வைத்திருப்பதா என்று நான் சொல்லப்போவதில்லை, நீரும் இனித் தனியாகத் தீர்மானிக்க வேண்டாம்.

இந்த ஞாயிறு மத்தியானம், சாப்பிட்ட பிறகு, புரோக்கர் தருகிற கணக்குக் கூற்றை அச்செடுத்துக்கொண்டு போம். போனை அறையில் வைத்துவிடும். அப்பா, அம்மா, தங்கச்சி மூவரும் இருக்கட்டும், அவள் கல்யாணக் காசும் அதற்குள் இருக்கிறது. வாங்கிய விலை, இன்றைய விலை, ஒவ்வொரு பங்காகத் தமிழில் எழுதிக் கொடும். அப்பா கண்ணாடியைத் தேடினால் நீரே எடுத்துக் கொடும். மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவது அதற்குப் பிறகு.