நெஞ்சு படபடத்தால் நடக்கலாமா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எனக்கு 52 வயது. ஆறு மாதமாகத் திடீர் திடீரென்று பதற்றம் வருகிறது. இ.சி.ஜி., தைராய்டு, இரத்தசோகை எல்லாம் பார்த்த டாக்டர், இதயத்தில் குறையில்லை, தினமும் நடங்கள் என்றார். எங்கள் தெரு மேட்டில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது. பயந்து நின்றால் தலை சுற்றுகிறது. நடப்பதை விட்டுவிடலாமா?
வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: விட்டுவிடாதீர்கள் அம்மா. மேடேறினால் யாருக்கும் நெஞ்சு வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். பதற்றத்திலும் இதே மூன்றும் வருவதால் மனம் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. நடை உங்களுக்கு மருந்தாவது இங்கேதான். படபடப்பு வந்து, ஒன்றும் நேராமல், தானே அடங்குவதை நீங்கள் திரும்பத் திரும்ப உணர வேண்டும்.

தலை சுற்றுவது பெரும்பாலும் சட்டென்று நிற்பதால்தான். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளும். நின்றதும் அது காலிலேயே தேங்கி, இரத்த அழுத்தம் இறங்கும். ஆகவே பயம் வந்தால் நிற்காமல், வேகத்தைப் பாதியாக்கி 3 நிமிடம் நடங்கள்.

முதலில் மேடே வேண்டாம். சமதரையில் 10 நிமிடம், வாரம் 5 நாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். வாரம் 5 நிமிடமாகக் கூட்டி 30-க்கு வாருங்கள். அதன்பின் மேட்டில் ஒரு நிமிடம் ஏறி, மெல்ல இறங்கி, மறுபடி ஏறிப் பழகுங்கள். பலர் முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்து, முழங்கால் வலியோடு மறுவாரமே நிறுத்திவிடுகிறார்கள். புறப்படுமுன் காபி வேண்டாம், அதுவும் படபடப்பைத் தூண்டும். பிப்ரவரிப் புழுக்கத்தில் காலையிலேயே முடித்துவிடுங்கள், துணையோடு போவது நல்லது.

நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் என்றால் அது வேறு. உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், மனம் தெளிந்துவிட்டதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: தோட்ட வேலை உடற்பயிற்சிக் கணக்கில் சேருமா?
வாசகர், பீனிக்ஸ்

பதில்: மூச்சு சற்று வாங்கும்படி செய்தால் சேரும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். ஒரு தடவைக்கு 10 நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020-இல் எடுத்துவிட்டார்கள். மனச்சோர்வு குறைய 150-ஐ எட்டத்தான் வேண்டும் என்றுமில்லை. பாத்தி கொத்தும் 8 நிமிடத்தையும் எழுதிவையுங்கள்.