மாடியைக் கேட்காதீர்கள், படியைக் கேளுங்கள்

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் விடுமுறைக்கு வீடு எடுத்தவர்களும் எடுக்கப் போகிறவர்களும் நிறைய எழுதியிருக்கிறீர்கள். சில கடிதங்களைச் சுருக்கிப் பதில் தருகிறேன்.

கேள்வி: முன்பதிவுத் தளத்தில் ஒரு வீடு பிடித்திருக்கிறது. தளத்தின் வழியாக வேண்டாம், வங்கிக்கு நேரே பணம் அனுப்பினால் 15 சதவீதம் குறைக்கிறேன் என்கிறார் உரிமையாளர். அனுப்பலாமா? – ஆர்., கோவை

பதில்: அனுப்பாதீர்கள்.

கேள்வி: சாண்டா குரோச்சே தேவாலயத்துக்குப் பக்கத்தில் வீடு என்று சொல்லி 1,140 யூரோ வாங்கிக்கொண்டார்கள். பெட்டிகளோடு போய் நின்றால் அங்கே வேறு குடும்பம் குடியிருக்கிறது. அவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. என் மனைவி இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. – எஸ்., மதுரை

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை, ஏமாற்றியவர் மேல்தான். இந்த வரியை உங்கள் மனைவியிடமும் காட்டுங்கள். வேற்று நாட்டில், மாலை நேரத்தில், தங்க இடமில்லாமல் தெருவில் நிற்பது என்ன நிலைமை என்று எனக்குப் புரிகிறது.

இன்றே வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் சார்ஜ்பேக் கேளுங்கள், கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திருப்பி வாங்கும் முறை அது. கணக்கிலிருந்து அனுப்பியிருந்தால் பணத்தை மீட்க முயற்சி செய்யச் சொல்லுங்கள். நாள் போகப் போக வாய்ப்பு குறையும். 1930 எண்ணில் சைபர் குற்றப் புகாரும் பதியுங்கள். விளம்பரப் பக்கம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவர்கள் அழித்துவிடுவார்கள்.

மற்றவர்கள் கவனிக்க: 2025 முதல் இத்தாலியில் இப்படி வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் தேசிய அடையாளக் குறியீடு கட்டாயம். ‘சின்’ (CIN) என்பார்கள். விளம்பரத்திலும் இருக்க வேண்டும், கட்டட வாசலிலும் இருக்க வேண்டும். ஃபுளோரன்ஸ் நகர வீடு என்றால் ‘IT’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளுக்குப் பிறகு 048017 வரும். வராவிட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். வந்தாலும் முழு நம்பிக்கை வேண்டாம், அடுத்தவர் குறியீட்டை எடுத்துப் போடுகிறவர்களும் உண்டு.

கேள்வி: வீட்டுக்காரர் எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கேட்கிறார். இதுவும் மோசடியா? – எம்., புதுச்சேரி

பதில்: இல்லை. தங்குகிறவர்களின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இத்தாலியச் சட்டம். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு காட்டினால் போதும். பணமே கட்டாத வீட்டுக்கு முன்கூட்டிப் படமெடுத்து அனுப்பாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71, அப்பாவுக்கு 76. தேவாலயக் குவிமாடம் ஜன்னலில் தெரிகிற வீடு. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. மூன்று மாடிதானே, மெதுவாக ஏறிவிட மாட்டார்களா? – கே., சேலம்

பதில்: எடுக்காதீர்கள். இதை விரிவாகவே சொல்கிறேன், எனக்கு இதில் ஆறாத வருத்தம் இருக்கிறது.

நம் ஊர் அடுக்குமாடியில் ஒரு மாடிக்கு 18, 20 படி இருக்கும். ஃபுளோரன்ஸின் பழைய மாளிகைகளில் அந்தக் கணக்கு செல்லாது. தரைத்தளம் கடைக்கும் சரக்குக்குமாகக் கட்டியது, கூரை நல்ல உயரம். அதற்கு மேல் பல வீடுகளில் ‘மெட்ஸானினோ’ என்று தாழ்வான இடைத்தளம் ஒன்று இருக்கும், அதை மாடியாக எண்ண மாட்டார்கள். அப்புறம்தான் உரிமையாளர் குடும்பம் வாழ்ந்த முதல் மாடி, அதன் கூரை இன்னும் உயரம். விளம்பரத்தில் மூன்று மாடி என்றால் நம் காலுக்கு அது ஐந்து மாடி. படிகள் கல்லால் ஆனவை, நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் லிஃப்ட் வைப்பதும் லேசான காரியமில்லை. நகர மையம் முழுவதுமே 1982 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

என் அம்மாவை அழைத்துப் போனபோது நானும் இப்படி ஒரு மூன்றாம் மாடியைத்தான் எடுத்தேன். ஏறும்போது எண்ணினேன், 94 படி. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஐந்து நாளில் இரண்டு முறைதான் கீழே இறங்கினார். குவிமாடத்தை ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். படுக்கை, காபி மெஷின், பூந்தொட்டி என்று முப்பது படம் போட்டிருந்த அந்த விளம்பரத்தில் படிக்கட்டுக்கு ஒரு படம்கூட இல்லை. கேட்காதது என் தவறு. ஆனால் தினமும் ஏறி இறங்குகிற உரிமையாளருக்கு அது தெரியாதா? தெரிந்தே சொல்லாமல் விடுவதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

“தெருக்கதவிலிருந்து வீட்டுக் கதவு வரை எத்தனை படி? கைப்பிடி உண்டா? படிக்கட்டைப் படமெடுத்து அனுப்புங்கள்.” இதைத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே கேளுங்கள். பதில் பொய்யாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க அதுதான் சாட்சி. படி சரிவராவிட்டால் 1860-களில் பழைய நகர மதிலை இடித்துப் போட்ட அகலச் சாலைகளுக்கு அப்பால் தேடுங்கள். அங்கே புதிய கட்டடங்களில் லிஃப்ட் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: நாங்கள் எடுத்த வீட்டின் எண் 25. அந்த எண்ணில் தோல்பை விற்கும் கடைதான் இருந்தது. ஒன்றரை மணி நேரம் அலைந்தோம். – ஜே., நாகர்கோவில்

பதில்: ஃபுளோரன்ஸில் ஒரே தெருவில் இரண்டு எண் வரிசை உண்டு. கடைகளுக்குச் சிவப்பு, வீடுகளுக்குக் கறுப்பு அல்லது நீலம். சிவப்பு 25 ஓரிடத்தில் இருக்கும், வீட்டு எண் 25 தள்ளி வேறிடத்தில் இருக்கும். உங்களுக்கு இதை முன்பே சொல்லியிருக்க வேண்டியது வீட்டுக்காரர்தான்.

கேள்வி: விலை குறைவு என்று பணம் திரும்பக் கிடைக்காத வகையில் பதிவு செய்தேன். விசா மறுத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் எதை வாங்கினாலும் 14 நாளுக்குள் ரத்து செய்யலாமாமே? – வி., சென்னை

பதில்: எதை வாங்கினாலும் இல்லை. குறிப்பிட்ட தேதிக்குத் தங்குமிடம் பதிவு செய்வதற்கு அந்த 14 நாள் உரிமை கிடையாது, சட்டத்திலேயே விலக்கி வைத்திருக்கிறார்கள். விசா கையில் வராமல் ஏன் இப்படிப் பதிவு செய்தீர்கள்? விண்ணப்பத்துக்குத் தங்குமிடச் சான்று வேண்டும், சரி. அதற்கு ரத்து செய்யக்கூடிய பதிவு இருக்கிறதே! இந்தக் கேள்வி எனக்கு எத்தனை முறை வந்துவிட்டது! வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், அதே தேதிக்கு வேறு ஆள் கிடைத்தால் மனம் இரங்கலாம். உரிமையாகக் கேட்க முடியாது.

கேள்வி: இன்டக்ஷன் அடுப்பும் ஏசியும் ஓடும்போது ஹேர் டிரையர் போட்டோம், மின்சாரம் போய்விட்டது. வந்து சரி செய்ததற்கு 50 யூரோ கேட்டார் உரிமையாளர். – எல்., திருச்சி

பதில்: இத்தாலியில் பெரும்பாலான வீட்டு இணைப்புகள் 3 கிலோவாட்தான். மூன்றையும் ஒன்றாகப் போட்டால் தாங்காது. ஆனால் அதைச் சொல்லாமல், மெயின் சுவிட்ச் எங்கே என்று காட்டாமல் 50 யூரோ கேட்பது நியாயமில்லை. வாடகை விதிகளில் இந்தக் கட்டணம் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வாடகை எல்லாம் கட்டிய பிறகு, வாசலில் நின்று வரி என்று தனியாகப் பணம் வாங்கினார். ஒன்பது இரவுக்கும் கணக்குப் போட்டார். – பி., ஈரோடு

பதில்: வரி உண்மைதான், நகராட்சியின் தங்கும் வரி. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். ஆனால் ஃபுளோரன்ஸில் தொடர்ந்து தங்கினால் அதிகபட்சம் 7 இரவுக்குத்தான். மீதி இரண்டு இரவுப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், ரசீதும் கேளுங்கள்.