புது மருந்துச் சோதனையில் அப்பாவைச் சேர்க்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இரண்டு வகை கீமோவும் கேட்கவில்லை. ‘ஃபேஸ் 1’ சோதனையில் சேரலாம் என்கிறார் டாக்டர். பாதிப் பேருக்கு வெறும் மாத்திரைதான் தருவார்களாமே? — வாசகி, மதுரை

பதில்: அந்தப் பயம் வேண்டாம். ஃபேஸ் 1 என்பது மனிதரில் செய்யும் மருந்துச் சோதனையின் முதல் கட்டம். அதில் அநேகமாக எல்லோருக்கும் மருந்துதான், அளவுதான் மாறும். வழக்கமான முறையில் முதல் மூவருக்கு மிகக் குறைந்த டோஸ். 21 அல்லது 28 நாளில் யாருக்கும் கடுமையான பாதிப்பு இல்லையென்றால் அடுத்த மூவருக்கு டோஸ் கூடும். ஒருவருக்கு வந்தால், அதே டோஸில் இன்னும் மூவர். இருவருக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் ஏற்றமாட்டார்கள். ஆகவே, ‘அப்பா எத்தனையாவது டோஸில் சேருகிறார்?’ என்று கேளுங்கள். முதல் டோஸ் என்றால் பக்கவிளைவு குறைவாக இருக்கலாம், பலனும்தான்.

இந்தக் கட்டம் தேடுவது பாதுகாப்பான அளவை. குணமாகுமா என்பதை அல்ல. அமெரிக்காவில் 1991 முதல் 2002 வரை நடந்த 460 சோதனைகளை அலசியதில், கட்டி கணிசமாகச் சுருங்கியது நூற்றில் சுமார் 11 பேருக்கு. மருந்தாலேயே இறந்தவர்கள் இருநூற்றில் ஒருவர். அண்மைக் காலத்தில் பலன் கூடியிருக்கிறது. ஆனாலும் அதை நம்பி வீட்டை அடகு வைக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்: சோதனை மருந்துக்குக் காசு கேட்கக் கூடாது.

பலர் தேர்விலேயே கழிந்துவிடுகிறார்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே போனாலோ, கல்லீரலின் நிலையைக் காட்டும் பிலிருபின் உச்ச வரம்பைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினாலோ பெரும்பாலும் சேர்க்கமாட்டார்கள். கல்லீரலில் பரவியவர்களுக்கு இந்த இரண்டாவதுதான் தடை. கடைசி கீமோ முடிந்து மூன்று, நான்கு வாரம் காத்திருக்கவும் நேரும். நாட்டு மருந்து, லேகியம் எது சாப்பிட்டாலும் மறைக்காதீர்கள். சில மூலிகைகள் ரத்தத்தில் மருந்தின் அளவையே மாற்றிவிடும்.

முதல் நாள் முழுக்க ஆஸ்பத்திரியில்தான்: மருந்து கொடுத்த அரை மணி, ஒரு மணி, இரண்டு, நான்கு, எட்டு மணி நேரம் கழித்து என்று ரத்தம் எடுப்பார்கள். பிறகு ஆறு அல்லது எட்டு வாரத்துக்கொரு ஸ்கேன். போக்குவரத்துச் செலவு தருவார்களா என்று முன்பே கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளின் அரசுப் பதிவேடான சிடிஆர்ஐ-யின் பதிவு எண்ணையும் வாங்குங்கள். அது இல்லாத சோதனையில் சேரவே வேண்டாம். மருந்தால் பாதிப்பு வந்தால், இந்தியாவின் 2019 மருந்துச் சோதனை விதிகளின்படி சிகிச்சை இலவசம்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து அப்பாவுடையது, உங்களுடையது அல்ல. நோய் பரவியதை அவரிடம் மறைத்து வைத்திருந்தால், முதலில் அதைச் சொல்லியாக வேண்டும். தமிழ்ப் படிவமாகக் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, அவரையே நிதானமாகப் படிக்க விடுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். வழக்கமான சிகிச்சை அதனால் நிற்காது.