தங்கை வராததுதான் உங்களுக்கு அமைதியா?

கேள்வி: நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை ஆட்டம்) விளையாடுகிறேன், ஆட்டத்தை நடத்தும் டிஎம் நான்தான். என்னிடம் இருப்பது 2014 விதிப் புத்தகம். என் தங்கை, சேர்த்து வைத்த பணத்தில் 2024 புத்தகம் வாங்கினாள். அவளுடைய பாத்திரமான கிளெரிக் (மந்திரம் போடும் பூசாரி) காயம் ஆற்றும் ஹீலிங் போஷனைக் குடித்துவிட்டு, அதே டர்னில் (தன் முறையில்) அடிபட்டுக் கிடந்தவனுக்கு க்யூர் வூண்ட்ஸ் என்ற காயம் ஆற்றும் மந்திரம் போட்டாள். அது செல்லாது என்றேன், ஆட்டத்தில் அவன் செத்துப்போனான், பெரிய தகராறு. இப்போது அவள் விளையாட வருவதில்லை, அதனால் கொஞ்சம் அமைதி. ஆனால் மற்றவர்களும் புதிய விதிகளைக் கேட்கிறார்கள். எதைப் பின்பற்றுவது?

பதில்: தம்பி, 2000, 2008, 2014 என்று விதிகளின் எடிஷன் (பதிப்பு) மாறிய ஒவ்வொரு முறையும் இந்த வழக்கு வந்திருக்கிறது. இந்த முறை குழப்பம் அதிகம், ஏனென்றால் 2024 புத்தகத்துக்கு ஆறாம் எடிஷன் என்று பெயர் வைக்கவில்லை. இரண்டுமே ஐந்தாம் எடிஷன்தான், ஆனால் ஒரே பெயருள்ள மந்திரம் இரண்டிலும் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. உங்கள் புத்தகப்படி போஷன் குடித்தால் அந்த டர்னின் முக்கியச் செயலான ஆக்‌ஷன் தீர்ந்தது. அவள் புத்தகத்தில் அது, முக்கியச் செயலோடு கூடுதலாகச் செய்யக்கூடிய போனஸ் ஆக்‌ஷன், ஆகவே க்யூர் வூண்ட்ஸ் போடலாம், அதற்கும் ஒரு எட்டு முகப் பகடைக்குப் பதில் இரண்டு உருட்டலாம். அவள் ஏமாற்றவில்லை, படித்துவிட்டு வந்து விளையாடினாள்.

அதெல்லாம் இருக்கட்டும். "அவள் வருவதில்லை, அதனால் கொஞ்சம் அமைதி" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை எழுத எப்படி மனம் வந்தது? அண்ணன் விளையாடும் ஆட்டம் என்பதால்தானே கையிலிருந்த காசையெல்லாம் போட்டு ஒரு புத்தகம் வாங்கினாள்? அதை நீங்கள் ஒருமுறையாவது புரட்டிப் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. வீட்டில் மூத்தவனுக்கு முதல் கடமை இளையவளுக்கு இடம் கொடுப்பது, அதற்குப் பிறகுதான் அதட்டுகிற உரிமை. எந்த விதியில் ஆடுகிறோம் என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியவர் டிஎம், அதைச் சொல்லாமல் சண்டை நடுவில் சொன்னதற்கு அவள் பலியானாள்.

இப்போது செய்ய வேண்டியது இது. அவள் அறைக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள், அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எல்லோரும் விரும்புவதால் 2024 விதிகளுக்கே மாறிவிடுங்கள், பழைய பாத்திரங்களைத் தூக்கிப் போட வேண்டியதில்லை: இரண்டு புத்தகத்திலும் இருப்பதற்குப் புதியதை எடுங்கள், பழையதில் மட்டும் இருப்பது அப்படியே செல்லும். திடீர்த் தாக்குதலுக்கு ஆளானவர் முதல் டர்னை இழப்பது போய், இப்போது இனிஷியேட்டிவ் (யார் முதலில் ஆடுவது என்ற வரிசை) உருட்டுவதில்தான் பாதகம் என்பது போன்ற மாற்றங்களை அவளையே எல்லோருக்கும் விளக்கச் சொல்லுங்கள். செத்தவனைப் பிழைக்க வைப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அவள் வந்து உட்காராமல் அடுத்த ஆட்டத்தைத் தொடங்காதீர்கள்.